சாதனக் குழுவை டைரக்டரியிலிருந்து பெற முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: ரேடியஸ் சர்வரில் (நெட்வொர்க்குக்குள்ளும் அதன் சாதனங்களுக்குள்ளும் யார் நுழையலாம் என்று தீர்மானிக்கும் சர்வர்) எந்தச் சாதனம் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பதை ஹன்ட்குரூப் கோப்பில் (சாதனங்களைக் குழுக்களாகப் பிரித்துக் காட்டும் அமைப்புக் கோப்பு) வரிவரியாகக் கையால் எழுதி வருகிறீர்கள். ஸ்விட்ச், ரூட்டர், ஃபயர்வால் எல்லாம் சேர்ந்து எண்ணிக்கை சில நூறைத் தாண்டிவிட்டது. அதே சாதனங்களின் பட்டியல் எல்டாப் டைரக்டரியிலும் (பயனர்களையும் சாதனங்களையும் மர வடிவில் பதிந்துவைக்கும் தகவல் கிடங்கு) இருக்கிறது. ஒரே தகவலை இரண்டு இடங்களில் பராமரிப்பதை நிறுத்திவிட்டு, கோரிக்கை வரும்போதே டைரக்டரியில் தேடிக் குழுவின் பெயரைப் பெற முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். ஃப்ரீரேடியஸ் என்ற திறந்த மூல ரேடியஸ் சர்வரில் அதற்கு ஒரு வரிகூடப் போதும். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக் கொடுத்தால் அது அரைகுறைப் பதிலாகிவிடும். உங்கள் கேள்விக்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கோரிக்கை அனுப்பும் சாதனம் இன்னதுதான் என்பதற்கு யாருடைய வாக்கை நம்பித் தேடுகிறோம்? தேடியும் பதில் கிடைக்காவிட்டால் என்ன செய்கிறோம்? பல ஆண்டுகளாக இத்தகைய சர்வர்களை அமைத்தும் பழுது பார்த்தும் வருகிற அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த இரண்டையும் தீர்மானித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

எந்த சர்வர் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஹன்ட்குரூப் என்று எழுதியிருப்பதால் ஃப்ரீரேடியஸ் 3 வரிசை என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். வேறு சர்வர் என்றால் கட்டளைகள் மாறும். காரண காரியங்கள் மாறாது. மற்ற சர்வர்களைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் அந்த ஒரு வரி. கோரிக்கை வந்ததும் முதலில் ஓடும் ஆத்தரைஸ் பகுதியில், ப்ரீபிராசஸ் மாட்யூல் (கோரிக்கையை முன்கூட்டித் தயார்ப்படுத்தும் துணை நிரல்) ஓடும்போதுதான் ஹன்ட்குரூப் கோப்பு பார்க்கப்படுகிறது. பொருந்தும் வரி கிடைத்தால் ஹன்ட்குரூப்-நேம் என்ற பண்பு (பெயரும் மதிப்பும் கொண்ட ஒரு புலம்) கோரிக்கையில் சேர்க்கப்படுகிறது. அதற்கு அடுத்தபடியாக பண்புகளை மாற்றும் ஓர் அப்டேட் தொகுதி எழுதி, அதே பண்புக்கு எல்டாப் தேடலின் விடையை மதிப்பாகக் கொடுத்துவிடலாம். தேடலை எல்டாப் யூஆர்எல் வடிவத்தில் எழுத வேண்டும்: எங்கிருந்து தேடுவது என்னும் அடிப்படை டிஎன் (டைரக்டரி மரத்தில் ஒரு பதிவின் முழுப் பெயர்), வேண்டிய பண்பு, தேடலின் எல்லை, எதைப் பொருத்திப் பார்ப்பது என்னும் ஃபில்டர் என்று நான்கும் கேள்விக்குறிகளால் பிரிக்கப்பட்டு வரும். ஃபில்டரில் சாதனத்தின் ஐபி முகவரியை மாறியாக வைத்தால் வேலை முடிந்தது. சோதனைக் கூடத்தில் இது உடனே ஓடும், பார்க்கவும் அழகாக இருக்கும். இதை அப்படியே உண்மையான வலையமைப்பில் வைக்க வேண்டாம் என்பதற்கான காரணங்களைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

ஃபில்டரில் எந்த முகவரியை வைப்பது என்பதுதான் முதல் காரணம். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் நாஸ்-ஐபி-அட்ரஸ் (நாஸ் என்றால் கோரிக்கை அனுப்பும் சாதனம்) பண்பை வைக்கின்றன. அது 4ஆம் எண் பண்பு. சாதனம் தன்னைப் பற்றித் தானே எழுதி அனுப்புவது. அனுமதி கேட்கும் பாக்கெட்டில் அதுவோ, 32ஆம் எண்ணான நாஸ்-ஐடென்டிஃபையரோ, இரண்டுமோ இருக்க வேண்டும் என்று ரேடியஸுக்கான தர ஆவணமான 2000ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2865 சொல்கிறது. அதே ஆவணம் இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறது: சாதனமும் சர்வரும் பகிர்ந்துகொள்ளும் ரகசியச் சொல்லைத் தேர்ந்தெடுக்க நாஸ்-ஐபி-அட்ரஸைப் பயன்படுத்தக் கூடாது, பாக்கெட் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ரகசியச் சொல்லுக்கு அந்த எச்சரிக்கை தேவை என்றால் அதிகாரத்தைத் தீர்மானிக்கும் குழுவுக்கும் தேவைதான். யாரோ ஒருவர் ஒரு மூலையில் இருக்கும் சாதாரண ஸ்விட்ச்சைக் கைப்பற்றி, அதன் ரகசியச் சொல்லைப் பெற்றுவிட்டார் என்று வையுங்கள். அங்கிருந்து அனுப்பும் கோரிக்கையில் நாஸ்-ஐபி-அட்ரஸ் என்ற இடத்தில் உங்கள் மைய ஃபயர்வாலின் முகவரியை எழுதினால், சர்வர் அந்தக் கோரிக்கையை ஃபயர்வால் குழுவில் சேர்த்துவிடும். கையொப்பம் சரியாகவே இருக்கும். சர்வரின் பதிவேட்டிலும் (லாக்) எதுவும் தப்பாகத் தெரியாது.

ஆகவே தேடலுக்குப் பாக்கெட்-சோர்ஸ்-ஐபி-அட்ரஸை வைத்துக்கொள்ளுங்கள். அது சர்வர் தானே கண்ட முகவரி. இதற்கும் வரம்பு உண்டு. ரேடியஸ் வழக்கமாக யூடிபியில், அதாவது முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமல் பாக்கெட்டை அனுப்பும் முறையில், ஓடுகிறது. எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே ரகசியச் சொல்லை வைத்திருந்தால், அதை அறிந்தவர் மூல முகவரியையும் போலியாக எழுதி அனுப்ப முடியும். மூல முகவரியை நம்புவதற்கு அடித்தளமே சாதனத்துக்கு ஒரு ரகசியச் சொல் என்பதுதான். அது கைக்கு அடங்காத வேலை என்றால், குறைந்தபட்சம் குழுவுக்கு ஒன்றாவது வேண்டும். இடையில் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் ப்ராக்ஸி இருந்தால் மூல முகவரி ப்ராக்ஸியுடையதாகிவிடும். முகவரிகளை மாற்றி அனுப்பும் நேட் இருந்தால் பல சாதனங்கள் ஒரே முகவரியில் வரும். அப்போது நாஸ்-ஐபி-அட்ரஸைத்தான் நம்பியாக வேண்டும். அப்படி நம்புவதென்றால், எந்த ப்ராக்ஸி எந்தச் சாதனங்களின் பெயரால் பேசலாம் என்ற எல்லையையும் சர்வரில் எழுதிவையுங்கள். சான்றிதழோடு டிஎல்எஸ் என்ற மறையாக்க முறை வழியாக ஓடும் ரேடியஸ் என்றால், ஆர்எஃப்சி 6614 விவரிக்கும் முறையில் சான்றிதழின் பெயரையே சாதன அடையாளமாகக் கொள்ளலாம். மூன்றிலும் உறுதியானது அதுதான். பழைய சாதனங்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை என்பதே தடை.

இன்னொரு சின்ன விஷயம் அடிக்கடி தலைவலி கொடுக்கும். ஒரு ரூட்டருக்குப் பல முகவரிகள் இருக்கும். கோரிக்கை எந்த இடைமுகம் வழியாக வெளியேறுகிறதோ அதன் முகவரியோடு வரும். பாதை மாறினால் முகவரியும் மாறும். நேற்று வரை நன்றாக இருந்த ரூட்டர் இன்று திடீரென்று டைரக்டரியில் "காணாமல் போகும்". சாதனத்திலேயே ரேடியஸ் கோரிக்கைகளுக்கு லூப்பேக் முகவரியை (எந்த இடைமுகத்தையும் சாராத, மாறாத முகவரி) மூலமாக நிர்ணயித்துவிடுங்கள்.

இனி டைரக்டரியின் பக்கம். சாதனங்கள் உங்களிடம் எந்த வடிவத்தில் பதிவாகியிருக்கின்றன என்று தெரியவில்லை. புதிதாக அமைப்பதாக இருந்தால் டிவைஸ் என்ற அடிப்படை வகுப்போடு (வகுப்பு என்றால் பதிவின் வகை), 1998இல் வந்த ஆர்எஃப்சி 2307 வரையறுத்த ஐபிஹோஸ்ட் என்ற துணை வகுப்பைச் சேர்த்துக்கொள்வது வழக்கமான, நல்ல வழி. அதில் ஐபிஹோஸ்ட்நம்பர் என்ற பண்பு வரும். ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளை அது ஏற்கும் என்பதால் பல முகவரிகளையும் எழுதலாம். ஆனால் அதன் மதிப்பு வெறும் எழுத்துச் சரம் என்பதை மறந்துவிடக் கூடாது. டைரக்டரிக்கு அது முகவரி என்பதே தெரியாது. 192.0.2.7 என்று பதிந்ததை 192.0.2.007 என்று தேடினால் கிடைக்காது. ஐபிவி6 என்றால் இன்னும் கவனம் வேண்டும்: ஒரே முகவரியைச் சுருக்கியும் விரித்தும் பல விதமாக எழுத முடியும். ஆர்எஃப்சி 5952 சொல்லும் சுருக்க வடிவம் ஒன்றையே பதிவிலும் தேடலிலும் கடைப்பிடியுங்கள். எழுத்துச் சரம் என்பதால் "இந்த சப்நெட்டில் (முகவரித் தொகுதியில்) இருக்கும் எல்லாம்" என்றும் டைரக்டரியிடம் கேட்க முடியாது. நட்சத்திரக் குறி போட்டு 192.0.2.* என்று தேடலாமே என்று சிலர் சொல்வதுண்டு. புள்ளிகளின் எல்லையில் முடியாத சப்நெட் ஒன்று வந்த அன்றே அது உடைந்துவிடும்.

குழுவின் பெயரை எங்கே வைப்பது? டைரக்டரி மரத்தில் சாதனம் எந்தக் கிளையின் கீழ் இருக்கிறது என்பதையே குழுவாகக் கொள்ளும் பழக்கம் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மரம் ஒன்றுதான், ஆனால் ஒரு ஸ்விட்ச்சுக்கு அது இருக்கும் இடம் ஒரு பக்கம், அதன் வகை இன்னொரு பக்கம், அதைப் பராமரிக்கும் அணி வேறொரு பக்கம் என்று பல முகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பண்பு வையுங்கள். சர்வர் பக்கத்திலும் அப்படியே. ஹன்ட்குரூப்-நேம் என்ற ஒரே பெயருக்குள் எல்லாவற்றையும் திணிக்காமல், உள்ளூர் அகராதிக் கோப்பில் 3000 முதல் 3999 வரையுள்ள எண்களில் உங்களுக்கென்று பண்புகளை வரையறுத்துக்கொள்ளலாம். அந்த எண்கள் சர்வருக்குள் மட்டும் வாழ்பவை. பாக்கெட்டில் வெளியே போகாது. சாதன வகைக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் விதிகள் படிக்கும்படியாக இருக்கும்.

ஒரே பண்பில் பல குழுக்களை எழுதும் ஆசை எழும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்: எல்டாப்பில் ஒரு பண்பின் மதிப்புகளுக்கு வரிசை கிடையாது. அவை வெறும் தொகுப்பு. முதலாவது, இரண்டாவது என்று எதுவும் இல்லை. யூஆர்எல் வடிவத் தேடலோ ஒரே ஒரு மதிப்பைத்தான் திருப்பித் தரும். "மையம்", "சோதனை" என்று இரண்டு மதிப்புகள் இருந்தால் இன்று ஒன்று வரும், சர்வரை மாற்றிய பிறகோ டைரக்டரியை மீட்டெடுத்த பிறகோ மற்றொன்று வரலாம். மாதக்கணக்கில் சரியாக ஓடிவிட்டு ஒரு நாள் காரணமே தெரியாமல் அனுமதிகள் மாறினால், நான் முதலில் பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இப்போது இரண்டாவது பெரிய கேள்வி: பதில் கிடைக்காவிட்டால்? இங்கே இரண்டு நிலைகளைக் கூர்மையாகப் பிரிக்க வேண்டும். டைரக்டரி நலமாக இருக்கிறது, ஆனால் இந்த முகவரிக்குப் பதிவு இல்லை என்பது ஒன்று. டைரக்டரியையே தொடர்புகொள்ள முடியவில்லை என்பது வேறொன்று. முதலாவது ஒரு விடை. இரண்டாவது விடையே இல்லாமை. ஒரு வரித் தேடலில் இந்த வேறுபாடு மங்கிப்போகிறது. பண்பின் மதிப்பு கைக்கு வரவில்லை என்பதோடு அது நின்றுவிடுகிறது. பிழை நேரும்போது தொகுதி எப்படி நடந்துகொள்கிறது என்பது பதிப்பையும் எழுதிய விதத்தையும் பொறுத்தது. அதனால்தான் எல்டாப் மாட்யூலின் இரண்டாவது பிரதி ஒன்றைச் சாதனங்களுக்கென்றே வைக்கச் சொல்கிறேன். பயனரைத் தேடுவதற்கான பகுதியில், பயனர் பெயருக்குப் பதிலாகப் பாக்கெட்டின் மூல முகவரியை ஐபிஹோஸ்ட்நம்பரோடு பொருத்தும் ஃபில்டரை எழுதுங்கள். அடிப்படை டிஎன் சாதனங்களின் கிளையாக இருக்கட்டும். அப்டேட் பகுதியில் டைரக்டரியின் பண்புகளை உங்கள் உள்ளூர்ப் பண்புகளுக்கு இணையுங்கள். அந்தப் பகுதியின் பெயரில் பயனர் என்று இருந்தாலும் அது எதையும் தேடும். மாட்யூல், பதிவு இல்லை என்றால் நாட்ஃபவுண்ட் என்றும், டைரக்டரி எட்டவில்லை என்றால் ஃபெயில் என்றும் தனித்தனியாகத் திரும்பும். ஃப்ரீரேடியஸின் விதி மொழியான அன்லாங்கில் அந்த இரண்டையும் வைத்துக் கிளை பிரிக்கலாம். ஃபெயில் வந்த இடத்திலேயே பகுதி முடிந்துவிடுவதுதான் இயல்பு என்பதால், அந்தத் திரும்பு மதிப்புக்கு ஒரு முன்னுரிமை எண்ணைக் கொடுத்து, ஓட்டம் அடுத்த வரிக்கு வரும்படி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் எழுதிய கிளைக்கே அது வந்து சேராது.

பிரித்த பிறகு என்ன செய்வது? பதிவு இல்லாத சாதனத்துக்கு நிராகரிப்பை அனுப்புங்கள், அல்லது "அறியப்படாதது" என்று ஒரு குழுவை வெளிப்படையாகக் கொடுத்து மிகக் குறைந்த அதிகாரத்தோடு நிறுத்துங்கள். டைரக்டரி எட்டாத நிலையில் நிராகரிப்பு அனுப்புவதைத் தவிருங்கள். காரணம் இதுதான். நிராகரிப்பு என்பது சர்வர் உயிரோடு இருந்து, யோசித்து, மறுத்ததற்கான அடையாளம். சிஸ்கோ ரூட்டர், ஸ்விட்ச்களின் இயங்குதளமான ஐஓஎஸ் போன்றவற்றில் அப்படி ஒரு மறுப்பு வந்துவிட்டால், சாதனம் அடுத்த ரேடியஸ் சர்வரையோ தன் உள்ளூர்க் கணக்கையோ முயலாது. பதிலே வராதபோதுதான் அடுத்ததற்குப் போகும். டைரக்டரி விழுந்துகிடக்கும் நேரம்தான் நெட்வொர்க் பொறியாளர் ரூட்டருக்குள் நுழைந்தே ஆக வேண்டிய நேரமாக இருக்கும். அப்போது பார்த்து சர்வர் எல்லோரையும் உறுதியோடு வெளியே தள்ளினால் நிலைமை கைமீறிவிடும். ஃப்ரீரேடியஸ் 3இல் பதில் அனுப்பாமல் விட்டுவிடுவதற்கென்றே ஆயத்தக் கொள்கை ஒன்று இருக்கிறது. அதை ஃபெயில் கிளையில் அழையுங்கள். சர்வர் மௌனமாக இருக்கும், சாதனம் அடுத்த வழியைத் தேடிக்கொள்ளும். எல்லா நிறுவனங்களின் சாதனங்களும் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. ஜூனிப்பர் சாதனங்களின் இயங்குதளமான ஜூனோஸில் அங்கீகார வரிசையில் உள்ளூர்க் கடவுச்சொல்லையும் சேர்த்திருந்தால் நிராகரிப்புக்குப் பிறகும் அதை முயலும். உங்களிடம் உள்ள ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு ஆபத்து விதிகளை எழுதும் விதத்தில் இருக்கிறது. "மையக் குழுவாக இல்லாவிட்டால் அனுமதி" என்று எதிர்மறையாக ஒரு விதி இருக்கிறது என்று கொள்ளுங்கள். குழுவின் பெயர் வெறுமையாக வரும்போது அது மையக் குழு அல்ல, ஆகவே அனுமதி. தேடல் தோற்கிற ஒவ்வொரு முறையும் கதவு திறந்துவிடும். கோப்பு முறையில் மையச் சாதனங்களின் வரிகள் எப்போதும் கோப்பில் இருந்ததால் இந்த ஓட்டை தெரியாமலே இருந்திருக்கும். டைரக்டரிக்கு மாறிய பிறகுதான் அது செயல்படத் தொடங்கும். மாற்றத்துக்கு முன்பே உங்கள் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்து, எதிர்மறை விதிகளை எல்லாம் "இந்தக் குழுவாக இருந்தால் இது" என்று நேராக்கிவிடுங்கள். எதிலும் பொருந்தாவிட்டால் மறுப்பு என்று கடைசியில் ஒரு வரி இருக்கட்டும். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பயனரின் குழுவையும் சாதனத்தின் குழுவையும் சேர்த்துப் பார்த்துத்தான் நீங்கள் அதிகாரம் கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன்: நெட்வொர்க் அணியைச் சேர்ந்தவர் மையச் சாதனத்தில் நுழைந்தால் முழு அதிகாரம், உதவி மேசைக்காரர் நுழைந்தால் பார்வை மட்டும் என்பது போல. அப்போது ஒரு பொறி காத்திருக்கிறது. எல்டாப் மாட்யூல் தான் கண்டெடுத்த பதிவின் டிஎன்னைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (சர்வர் தன் உள்வேலைக்காக வைத்துக்கொள்ளும் பண்புகள்) எல்டாப்-யூசர்டிஎன் என்ற பண்பில் வைக்கிறது. இரண்டு பிரதிகளும் அதே பெயரைத்தான் பயன்படுத்துகின்றன. முதலில் சாதனத்தைத் தேடினால் அங்கே சாதனத்தின் டிஎன் உட்கார்ந்திருக்கும். பிறகு "இந்தப் பயனர் நெட்வொர்க் அணியில் இருக்கிறாரா" என்று கேட்கும்போது, சர்வர் அந்த ஸ்விட்ச் அணியில் இருக்கிறதா என்று டைரக்டரியிடம் கேட்டுக்கொண்டிருக்கும். சாதனத் தேடல் முடிந்ததும் அந்தப் பண்பை நீக்கிவிட்டுப் பயனர் தேடலுக்குப் போங்கள். டீபக் முறையில் சர்வரை ஓட்டினால் ஒவ்வொரு தேடலின் ஃபில்டரும், கிடைத்த டிஎன்னும் திரையில் வரும். பயனரின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஸ்விட்ச்சின் பெயர் தெரிந்தால் இதுதான் காரணம்.

வேகத்தைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள், ஆனால் தவறான இடத்தில். நிர்வாகி ஒருவர் ரூட்டருக்குள் நுழைவதற்கு ஒரு தேடல் கூடுவது ஒரு பொருட்டே அல்ல. கம்பியில்லா இணைப்புகளுக்கோ 802.1எக்ஸுக்கோ (நெட்வொர்க்கில் இணையும் கருவியைச் சரிபார்க்கும் தரம்) அதே சர்வர் வேலை செய்கிறது என்றால் கணக்கு மாறுகிறது. அவற்றில் பயன்படும் ஈஏபி என்ற முறையில் ஓர் அங்கீகாரம் முடிவதற்குப் பல பாக்கெட்டுகள் போய் வரும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஆத்தரைஸ் பகுதி மீண்டும் ஓடும். தேடலை அதன் தொடக்கத்தில் வைத்திருந்தால் ஒரே மடிக்கணினி இணைவதற்கு டைரக்டரியை அத்தனை முறை தட்டுவீர்கள். காலை வேளையில் எல்லோரும் ஒரே சமயத்தில் இணையும்போது டைரக்டரி திணறும். ஈஏபி மாட்யூலுக்குப் பின்னால் தேடலை வைத்தால், உரையாடல் நடந்துகொண்டிருக்கும் பாக்கெட்டுகள் அதுவரை வராமலே திரும்பிவிடும். குழுவின் பெயர் முடிவில் விலான் (பிரிக்கப்பட்ட உள்வலை) ஒதுக்குவதற்கு மட்டும்தான் தேவை என்றால் அங்கீகாரம் முடிந்தபின் ஓடும் போஸ்ட்-ஆத் பகுதிக்கே கொண்டுபோகலாம். அங்கே அங்கீகாரத்துக்கு ஒரு முறைதான் ஓடும். ஈஏபியின் மறையாக்கிய உட்சுரங்கத்தில் ஓடும் சர்வருக்கு அந்தப் பெயர் வேண்டும் என்றால், வெளிக் கோரிக்கையின் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அங்கே மறுபடியும் தேட வேண்டாம்.

இதற்கு மேலும் தேவைப்பட்டால் கேச் மாட்யூல் இருக்கிறது. மூல முகவரியைச் சாவியாக வைத்து, கிடைத்த குழுக்களைச் சில நிமிடங்கள் நினைவில் வைத்திருக்கச் செய்யலாம். டைரக்டரி சிறிது நேரம் விழுந்தாலும் அண்மையில் பேசிய சாதனங்கள் தடையின்றி ஓடும் என்பது கூடுதல் நன்மை. விலையும் உண்டு: டைரக்டரியில் நீங்கள் செய்த மாற்றம் அந்த நேரம் கழியும் வரை நடைமுறைக்கு வராது. ஐந்து நிமிடம் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். ஒரு சாதனத்தின் அதிகாரத்தை உடனடியாகப் பறிக்க வேண்டிய தேவை உங்களுக்கு உண்டென்றால் இன்னும் குறையுங்கள்.

டைரக்டரியின் பக்கம் மறக்கக் கூடாதது இன்டெக்ஸ், அதாவது தேடலை விரைவாக்கும் அட்டவணை. ஓப்பன்எல்டாப் என்ற டைரக்டரி சர்வரில் ஐபிஹோஸ்ட்நம்பருக்குச் சமநிலை இன்டெக்ஸ் தானாக வந்துவிடாது. நீங்கள்தான் போட வேண்டும். போடாவிட்டால் ஒவ்வொரு தேடலுக்கும் அந்தக் கிளையின் பதிவுகளை அது ஒவ்வொன்றாகப் புரட்டும். பதிவேட்டில் இந்தப் பண்புக்கு இன்டெக்ஸ் இல்லை என்று ஒரு வரி வந்துகொண்டே இருக்கும். அதைக் கண்டால் அன்றே சரிசெய்யுங்கள். கால எல்லைகளையும் ஒத்துப்போகும்படி வைக்க வேண்டும். சிஸ்கோ ஐஓஎஸ் சாதனம் இயல்பாக ஐந்து விநாடி காத்திருந்து, மூன்று முறை மறுபடி அனுப்பும். எல்டாப் தேடலுக்கு நீங்கள் பத்து விநாடி கொடுத்திருந்தால், டைரக்டரி மெதுவாகும்போது சர்வரின் இழைகள் (ஒரே சமயத்தில் பல கோரிக்கைகளைக் கவனிக்கும் வேலைக்கூறுகள்) எல்லாம் தேடலில் மாட்டிக்கொண்டிருக்க, அதே கோரிக்கை மறுபடி வந்து வாசலில் நிற்கும். தேடலின் எல்லை ஓரிரு விநாடிக்கு மேல் வேண்டாம். முடிந்தால் ரேடியஸ் சர்வர் ஓடும் கணினியிலேயே டைரக்டரியின் படிக்க மட்டுமான நகல் ஒன்றை வையுங்கள். நெட்வொர்க்கைப் பற்றிய கேள்விக்கு விடை தேட நெட்வொர்க்கையே நம்பியிருக்கும் நிலை அதனால் பெருமளவு குறையும்.

தொழில்நுட்பம் அல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த மாற்றத்துக்குப் பிறகு, சாதனப் பதிவைத் திருத்தும் உரிமை யாருக்கு இருக்கிறதோ அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கும் உரிமையும் இருக்கிறது. இதுவரை இருப்புப் பட்டியலாக மட்டும் இருந்த டைரக்டரிக் கிளை இனிப் பாதுகாப்பு எல்லைக்குள் வந்துவிடும். இருப்பிடத்தையோ வரிசை எண்ணையோ திருத்த ஒருவருக்கு உரிமை இருக்கலாம். குழுப் பண்பைத் தொட அவருக்கு உரிமை இருக்கக் கூடாது. பண்பு அளவில் அணுகல் விதி எழுதுங்கள், மாற்றங்கள் பதிவாகட்டும். டைரக்டரிக்குள் நுழைய ரேடியஸ் சர்வர் பயன்படுத்தும் பைண்ட் கணக்குக்கு அந்தக் கிளையைப் படிக்கும் உரிமைக்கு மேல் எதுவும் வேண்டாம். பாக்கெட்டில் வரும் பெயர் ஏதாவது ஒன்றை ஃபில்டரில் வைத்தால் அடைப்புக்குறி, நட்சத்திரம், பின்சாய்கோடு ஆகியவை ஆர்எஃப்சி 4515 சொல்லும்படி மாற்றி எழுதப்பட வேண்டும். ஃப்ரீரேடியஸின் மாட்யூல் அதைத் தானே செய்கிறது. நீங்களே பைத்தானிலோ பெர்லிலோ ஒரு துண்டு நிரல் எழுதித் தேடினால் அந்தப் பொறுப்பு உங்களுடையது.

இத்தனையும் படித்த பிறகு, "இது தேவைதானா" என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. சாதனங்கள் மாதத்துக்குச் சிலதான் கூடுகின்றன, குறைகின்றன என்றால், கோரிக்கை வரும்போதெல்லாம் தேடுவதைவிட, டைரக்டரியிலிருந்து கோப்பைத் தானாக உருவாக்கும் சிறு நிரலே நான் முதலில் தேர்ந்தெடுப்பது. தகவல் ஒரே இடத்தில் பராமரிக்கப்படுகிறது. டைரக்டரி விழுந்தாலும் சர்வருக்குத் தெரியாது. நேற்றைய கோப்புக்கும் இன்றைய கோப்புக்கும் என்ன வேறுபாடு என்று கண்ணால் பார்க்கலாம். உருவாக்கியதும் சர்வரின் அமைப்புச் சோதனைக் கட்டளையை ஓட்டி, அது தேறினால் மட்டும் மறுதொடக்கம் செய்யுங்கள். உருவான கோப்பு திடீரென்று பாதியாகச் சுருங்கியிருந்தால் ஏற்கக் கூடாது என்ற தடையும் அதில் இருக்கட்டும். குழுக்கள் சப்நெட்டையே பின்பற்றுகின்றன என்றால் அதுகூடத் தேவையில்லை: அன்லாங்கில் முகவரி ஒரு சப்நெட்டுக்குள் இருக்கிறதா என்று நேரடியாக ஒப்பிடலாம். கிளையன்ட் வரையறைகளிலேயே (சர்வர் ஏற்கும் சாதனங்களின் பட்டியல்) உங்கள் சொந்தப் புலங்களை எழுதிவைத்து, விதிகளில் அவற்றைப் படிக்கவும் முடியும். கிளையன்ட் பட்டியலையே தொடங்கும்போது எல்டாப்பிலிருந்து ஏற்றிக்கொள்ளும் வசதியும் 3ஆம் வரிசையில் இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தினால் ரகசியச் சொற்கள் டைரக்டரியில் படிக்கும் வடிவில் இருக்க வேண்டிவரும். அதற்கு நான் எளிதில் சம்மதிப்பதில்லை.

கோரிக்கை வரும்போதே தேட வேண்டிய இடங்களும் உண்டு. சாதனங்கள் நாளுக்குப் பல முறை உருவாகி மறையும் சூழல், வேறு அணிகள் தங்கள் சாதனங்களைத் தாங்களே பதிந்துகொள்ளும் சூழல், அதிகாரத்தைச் சில நிமிடங்களுக்குள் மாற்ற வேண்டிய சூழல் ஆகியவற்றில் கோப்பு ஈடுகொடுக்காது. அங்கே மேலே சொன்ன முறையைத் தயங்காமல் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் ஏற்கெனவே இருந்தால் அதையும் எண்ணிப்பாருங்கள். அதற்கு ஐபி முகவரி என்பது தனி வகை, சப்நெட்டுக்குள் அடங்குமா என்று அதனிடம் நேராகவே கேட்கலாம்.

மற்ற சர்வர்களைப் பற்றிச் சுருக்கமாக. சிஸ்கோவின் ரேடியஸ் சர்வரான ஐஎஸ்இயில் சாதனமும் அதன் குழுவும் அந்த சர்வருக்குள்ளேயே வரையறுக்கப்படுகின்றன. இடம், சாதன வகை என்ற இரண்டு மரங்கள் தொடக்கத்திலேயே இருக்கும். டைரக்டரியோடு ஒத்துவைக்க அதன் ஆர்இஎஸ்டி இடைமுகம் (நிரல்கள் பேசுவதற்கான வாசல்) வழியாக ஒரு நிரல் தள்ளிவிடுவதுதான் நடைமுறை, அதாவது கோப்பு உருவாக்கும் முறையின் இன்னொரு வடிவம். மைக்ரோசாஃப்டின் ரேடியஸ் சர்வரான என்பிஎஸ்ஸில் கிளையன்ட்டின் நட்புப் பெயரை வடிவத்தோடு பொருத்தலாம். பெயரிடும் ஒழுங்கே குழுவின் வேலையைச் செய்கிறது. ரேடியஸுக்கு மாற்றான டக்காக்ஸ் பிளஸ் நெறிமுறை, இணைப்பை முதலில் ஏற்படுத்தும் டிசிபியில் ஓடுவதால் மூல முகவரியைப் போலியாக்குவது கடினம், ஆனால் பதில் வராதபோது என்ன செய்வது என்ற கேள்வி அங்கும் அப்படியே நிற்கிறது.

மாற்றத்தை ஒரேயடியாகச் செய்யாதீர்கள். முதலில் டைரக்டரித் தேடலைப் புதிய உள்ளூர்ப் பண்பில் மட்டும் வைத்து, பழைய கோப்பு தரும் குழுவோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். முடிவு பழைய கோப்பின்படியே நடக்கட்டும். ஓரிரு வாரம் அந்தப் பதிவேட்டைப் படித்தால், டைரக்டரியில் விட்டுப்போன சாதனங்கள், தட்டச்சுப் பிழைகள், எதிர்பாராத மூல முகவரிகள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளிவரும். வேறுபாடுகள் வருவது நின்ற பிறகு மாற்றுங்கள். மாற்றிய அன்றே, மக்கள் குறைவாக இருக்கும் நேரத்தில், டைரக்டரி சேவையை வேண்டுமென்றே நிறுத்தி ஒவ்வொரு வகைச் சாதனத்திலும் நுழைந்து பாருங்கள். டைரக்டரி ஓடும் கணினி எந்த ஸ்விட்ச்சின் பின்னால் இருக்கிறதோ, அதற்குள் நுழைய ரேடியஸ் வேண்டும், ரேடியஸுக்கு டைரக்டரி வேண்டும் என்ற வட்டத்தில் நீங்கள் சிக்கிக்கொள்ளக் கூடாது. அந்த ஸ்விட்ச்சிலும், அதற்குப் போகும் வழியில் உள்ள எல்லாவற்றிலும் கன்சோல் வழியாக நுழையும் உள்ளூர்க் கணக்கு ஒன்று இருக்க வேண்டும்; அதன் கடவுச்சொல் டைரக்டரியின் துணையின்றித் திறக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.